கனகாம்புஜம் கண்ணாடி போடுவதில்லை

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டால் போதும், இந்த மூன்று பேருக்கும் பசி என்பது ஒரு சாக்குதான். டப்பா மூடியைத் திறக்கும் முன்பே சிந்துஜா ஆரம்பித்துவிடுவாள். "நேத்து பாத்தீங்களா? அய்யோ, நேத்து பாத்தீங்களா?" பார்த்தேன் பார்த்தேன் என்று குணசீலன் நாற்காலியைத் தரையோடு இழுத்துப் போட்டுக்கொள்வான், அந்தச் சத்தம் பல்லைக் கூசவைக்கும், தூக்கிப் போடுப்பா என்று நாலு வருஷமாகச் சொல்கிறேன், அவன் காதில் ஏறினால்தானே. பிலோமினா மட்டும் தன் டப்பாவின் கிளிப்பை நீக்கியபடி சிரிப்பாள். இவர்கள் பேச ஆரம்பிக்கும் முன்பே சிரிப்பு அவளிடம் தயாராக இருக்கும். நான் என் கோவைக்காய்ப் பொரியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கென்ன, நான்தான் டிவி பார்ப்பதில்லையே. இந்தக் காலேஜின் தேர்வுப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷமாக மார்க் ஷீட்டும் சர்டிபிகேட்டும் பார்த்துப் பார்த்தே கண் போய்விட்டது, இதில் சீரியல் வேறு பார்க்கவேண்டுமா என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மேஜையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். சொன்னது சொன்னதுதான், அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. "மேடத்துக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று சிந்துஜா ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பிச் சொல்வாள், அந்த ஒரு மரியாதையோடு என் கணக்கைத் தீர்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பிலோமினா அவளுக்குப் பிலோக்கா. நான் அரசி மேடம். மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்த என் அப்பாவுக்கு இந்த ஆபீஸில் அது எப்படிக் கூப்பிடப்படும் என்று தெரிந்திருக்காது. நானும் பிலோமினாவும் ஒரே வருஷம் ஒரே ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், வருகிற மே மாதம் ஒன்றாக ரிட்டயர் ஆகிறவர்கள். ஒருத்தி அக்கா, ஒருத்தி மேடம். ஏன் என்று கேட்டால் அற்பமாக இருக்கும் என்பதால் கேட்கவில்லை.

'ஏழாம் கவுண்டர்' என்று அந்த நிகழ்ச்சிக்குப் பெயர். ஒரு பார்சல் ஆபீஸ், அதில் ஐந்தாறு சோம்பேறிகள், அவர்கள் தலைக்கு மேல் கனகாம்புஜம் என்று ஒரு சூப்பரின்டெண்ட். ரசீது இல்லாமல் வந்தால் பார்சல் தரமாட்டாள், கையெழுத்து மாறினால் தரமாட்டாள், ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் ஒன்றரைக்குத்தான் ஏற்றுவாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ரசீது இல்லாமல் கொடுத்தால் அது யாருடைய பார்சல் என்று எவனுக்குத் தெரியும்? ஆனால் அவள் "ரசீது" என்று கையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தோ ஒரு கூட்டம் சிரிக்கிறது. எந்தக் காலத்திலோ எந்த ஊரிலோ முப்பது நாற்பது பேரை ஓர் அறையில் கூட்டிவைத்து வேறு எதற்கோ சிரிக்கவைத்துப் பிடித்துவைத்த சிரிப்பு, வாரா வாரம் அதையே எடுத்துப் போடுகிறார்கள். அதில் ஒரு பெண் எல்லோரும் முடித்த பிறகு தனியாக இழுத்துச் சிரிப்பாள், அவள் குரலை எந்தக் கூட்டத்திலும் என்னால் அடையாளம் சொல்லமுடியும், ஒரு நாள் நேரில் அகப்பட்டால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பார்க்கிறேன். அதுதான் விஷயம். ஒரு வாரம்கூட விட்டதில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில், கீழே அண்ணிக்குக் கேட்காதபடி சத்தத்தைக் குறைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சர்க்கரை நோய்க்காரர்கள் அல்வா சாப்பிடுகிற மாதிரி பார்க்கிறேன். மறுநாள் காலையில் சாதம் வேகிற நேரத்தில் போனில் இன்னொரு தடவை. இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து பார்த்ததைவிட நான் ஒருத்தி அதிகம் பார்த்திருப்பேன். இவர்கள் வசனத்தைத் தப்பாகச் சொல்லும்போது திருத்தம் நாக்கு நுனிவரை வரும், அதைச் சோற்றோடு விழுங்குவேன். போன மாதம் குணசீலன் கனகாம்புஜத்தின் ஊர் தஞ்சாவூர் என்றான். மன்னார்குடி. இரண்டாவது வாரமே சொன்னாள், மன்னார்குடி. அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இன்றைக்கும் ஆரம்பித்தாயிற்று. நேற்றைய கதை இதுதான்: கனகாம்புஜத்துக்கு மாற்றல் என்று ஆபீஸில் ஒரு வதந்தி, அவளுக்கு மட்டும் தெரியாது. மற்றவர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, பிரிவு உபசார விழாவுக்குச் சால்வை, மாலை, லட்டு, காராசேவு. விழா வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொண்டு அவளே முன்னால் நின்று நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொல்கிறாள், போகிறவரைப் புகழ்ந்து பேசவும் செய்கிறாள். பேனரைப் பிரித்தால் அவள் பெயர். "அந்த மூஞ்சி இருக்கே, அந்த ஒரு செகண்டு!" சிந்துஜா ஸ்பூனால் மேஜையைத் தட்டினாள். "நான் மூணு தடவ ரிவைண்ட் பண்ணிப் பாத்தேன்க்கா." "இது வரைக்கும் வந்ததுலயே பெஸ்ட் எபிசோடு இதான்" என்றான் குணசீலன், வாய் நிறைய உருளைக்கிழங்கு. "ஆனா கடைசில சொதப்பிட்டானுங்க. நெஜமாவே மாத்தி விட்ருக்கணும். மாற்றல் இல்லன்னதும் கனகு எல்லாருக்கும் லட்டு குடுக்குது பாருங்க, அது தேவையா? காமெடின்னு ஒக்காந்தா அழ வைக்கப் பாக்கறானுங்க." "அய்ய, கனகு போய்ட்டா அப்பறம் யார வெச்சு சிரிக்கிறது?" "வேற ஒண்ணு வரும். எல்லா ஆபீஸ்லயும் ஒண்ணு இருக்கும்ல." ஒண்ணு. ஒருத்தி என்றுகூட இல்லை, ஒண்ணு. சொல்லிவிட்டு அவன் என் பக்கம் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்குக் கொஞ்சம் பாடுபட்டானோ என்று பட்டது, உடனே இல்லை, அவன் எலுமிச்சைச் சாதத்தில் வேர்க்கடலை தேடுகிறான், அவ்வளவுதான் என்றும் பட்டது. இப்படித்தான், இது என்னைத்தானோ என்கிற சந்தேகம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்தே ஆரம்பிக்கிறது. லட்டுக் காட்சியைச் சொதப்பல் என்கிறான் மடையன். அது ஒன்றுதான் அந்த எபிசோடில் உருப்படி. மாற்றல் இல்லை என்று தெரிந்ததும் எல்லோர் முகமும் தொங்கிப்போகிறது, அவள் அதைப் பார்க்கிறாள், பார்த்துவிட்டு லட்டுத் தட்டை எடுத்து ஒவ்வொருவரிடமும் நீட்டுகிறாள், எடுங்க எடுங்க என்கிறாள். அழுதேன், சொல்வதற்கென்ன. அதற்குக் கொஞ்சம் முன்னால், மாற்றல் உத்தரவு எங்கே என்று ஒற்றைச் செருப்போடு அவள் ஹெட் ஆபீஸ் படியில் ஓடியபோது சிரிக்கவும் சிரித்தேன். அந்த இழுப்புக்காரி சிரித்த அதே இடத்தில் நானும் சிரித்தேன்.

பிலோமினா நெத்திலிக் கருவாட்டுத் தொக்கில் ஒரு கரண்டி எடுத்து சிந்துஜாவின் மூடியில் வைத்தாள். எனக்கு வைக்கமாட்டாள், திங்கட்கிழமை நான் கவிச்சி தொடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். என்னைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள். எந்த மாத்திரை எப்போது போடுவேன், எந்த பஸ்ஸில் ஏறமாட்டேன், அண்ணி என்ன சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும், எல்லாம் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் கருமண்டபத்தில் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். தை மாதம் அண்ணன் மகனுக்குக் கல்யாணம், மாடி அறை அவனுக்கு வேண்டும், அண்ணன் இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசுகிற மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். எனக்குக் கல்யாணம் இல்லை, காட்சி இல்லை, போய் நிற்க இன்னொரு வாசல் கிடையாது. பிலோமினாவின் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம், மகன் மஸ்கட்டில். மேலே ஒரு போர்ஷன், கீழே ஒரு போர்ஷன், நடுவில் ஒரு படிக்கட்டு, இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துவிடலாம் என்று சொன்னது நான்தான். பிலோமினா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். யோசித்தாள் என்பதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை, யார்தான் யோசிக்கமாட்டார்கள், வீடு என்றால் யோசிக்கத்தான் வேண்டும். கடுகு ஒன்று கடைவாய்ப் பல்லில் சிக்கிக்கொண்டது, நாக்கால் நெம்பிக்கொண்டே இருந்தேன். விடைத்தாள் கட்டுகளுக்கு வைக்கிற அரக்கு வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து அறை முழுக்க ஒரு மாதிரி அடித்தது. மேலே ஃபேன் டக் டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் பண்ணிக் காட்டவா? அந்தக் கெழவர் வருவாருல்ல, ரசீதத் தொலைச்சிட்டேம்மான்னு. குணா சார், நீங்கதான் கெழவர்" என்று சிந்துஜா எழுந்துவிட்டாள். இந்தப் பெண்ணுக்கு நடிப்பு நன்றாக வரும், அதைச் சொல்லத்தான் வேண்டும், வேலைதான் வராது. தாடையை உயர்த்தி, உதட்டை இறுக்கி, கையை நீட்டி, "ரசீது" என்றாள். குணசீலன் கூனிக் குறுகி, "அம்மா, தொலைஞ்சி போச்சும்மா" என்றான். பிலோமினா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் உள்ளே சிரிப்பு வந்தது, அப்படியே கனகாம்புஜம்தான், அந்த நீட்டிய கை, அந்தப் புருவம். அப்புறம் சிந்துஜா "இருங்க இருங்க" என்று குனிந்து குணசீலனின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் முகத்தில் மாட்டிக்கொண்டாள். எதற்குக் கண்ணாடி என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருக்கும்போது அவள் அதைக் கழற்றினாள், மெதுவாக, இரண்டு கையாலும். வலது கண்ணாடியில் ஒரு ஹா ஊதி, துப்பட்டா நுனியால் துடைத்தாள். இடது கண்ணாடியில் ஒரு ஹா, ஒரு துடைப்பு. பிறகு கண்ணைச் சுருக்கி, குணசீலனின் தலைக்கு ஒரு சாண் மேலே எங்கோ பார்த்து, "இல்ல. குடுக்க முடியாது" என்றாள். குரல் கனகாம்புஜத்தின் குரல் இல்லை. அது கீழே இறங்கி, வறண்டு, கடைசி எழுத்தில் சட்டென்று அறுந்து நின்றது. குணசீலன் அதற்குள் சிரித்துச் சிரித்து இரும ஆரம்பித்திருந்தான். சிந்துஜா எங்கள் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்கிற மாதிரி, "கண்ணாடியக் கழட்டிட்டா எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சி தெரியாதுல்ல? இல்லன்னு சொல்றது சுலபம்" என்றாள். குணசீலன் மேஜையை அடித்தான். "ஏய் சிந்து, ஒக்காந்து சாப்புடு, மணியாவுது" என்றாள் பிலோமினா. அவள் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை, திரும்பிப் பார்த்தபோது நின்றிருந்தது. தலையைக் குனிந்து தொக்கிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நெத்திலியில் எடுக்கிற அளவுக்கு முள் ஏது.

கனகாம்புஜம் கண்ணாடி போடுவதில்லை. எனக்கு முதலில் தோன்றியது அதுதான், ஒரு பிழையைக் கண்டால் தோன்றுகிற மாதிரி, சும்மா, கோபம்கூட இல்லாமல். பிறகு நேற்றைய எபிசோடை ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தேன். ஷட்டர் ஏறுகிறது, டீ வருகிறது, கிழவர் வருகிறார், ரசீது, நீட்டிய கை, நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை, கிழவர் அந்தக் கையில் தன் பஸ் டிக்கெட்டை வைக்கிறார், சிரிப்பு, விளம்பரம். கண்ணாடி எங்கே? விளம்பரத்தின்போது தண்ணீர் குடிக்க எழுந்தேனே, அப்போது வந்திருக்குமோ? இல்லை, காலையிலும் பார்த்தேன், போனில். காலையில் குக்கர் விசில் அடித்தது, அடுப்பைத் தணிக்கப் போனேன், அந்தச் சமயத்தில் வந்திருக்குமோ? அடுப்பைத் தணிக்க எத்தனை நேரம் ஆகும். வரவில்லை. அந்த வசனம் எந்த எபிசோடிலும் வராது. அதை எழுதினவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. அது நான் சொன்னது. உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம், ஒரே ஒரு தடவை, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னது. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அன்று மத்தியானம் ஒரு மனிதர் மகனின் பட்டச் சான்றிதழ் வாங்க வந்தார். நீல சட்டை, பாக்கெட்டில் ஒரு பேனா. மாணவர் நேரில் வந்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் மாணவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் வேண்டும். பையன் வரணும் என்றேன். பையன் வரமுடியாதும்மா என்றார். வெளியூரா என்றேன். இல்லம்மா என்றார். பைக் விபத்து, மே மாதம், ரிசல்ட் வரும் முன்னால்.  ஆனால் வாரிசுச் சான்று இல்லாமல் தரமுடியாது, தந்தால் நாளைக்கு வேறொருவர் வந்து கேட்பார், இப்படி வந்து கேட்டதும் உண்டு. கண்ணாடியைக் கழற்றினேன். துடைத்தேன். எதிரே நீலமாக ஏதோ ஒன்று நின்றது, முகம் இல்லை. இல்ல, குடுக்க முடியாது என்று அந்த நீலத்திடம் சொன்னேன். பஸ்ஸில் பிலோமினாவிடம் இதைச் சொன்னபோது அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், இறங்குகிற வரைக்கும் விடவில்லை. அந்தப் பழக்கம் அதற்கு முன்பே எனக்கு இருந்தது, அன்றைக்குத்தான் அது எதற்கு என்று எனக்கே தெரிந்தது. மூன்று வாரம் கழித்து அவர் சான்றுகளோடு வந்தார், கொடுத்தேன், மகன் கையெழுத்துப் போடவேண்டிய கட்டத்தில் குனிந்து தன் பெயரை எழுதினார். இதை எல்லாம் இவளிடம்தானே சொன்னேன். இந்த நெத்திலிக்காரியிடம்.

எப்போது சொல்லியிருப்பாள்? நான் லீவு போட்ட நாளாக இருக்கவேண்டும். போன வருஷம் கண் ஆபரேஷனுக்குப் பத்து நாள் லீவு போட்டேன், ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள், ஆபீஸே நீ இல்லாம வெறிச்சுனு இருக்கு என்றாள். வெறிச்சுனு! இந்த மேஜையில் உட்கார்ந்து சொல்லியிருப்பாள், இவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள், சிந்துஜா அன்றைக்கே எழுந்து செய்து காட்டியிருப்பாள். சும்மா ஒரு தடவை பார்த்துச் செய்கிற ஆட்டம் இல்லை இது. வலது கண் முதலில், இடது கண் பிறகு, தலைக்கு மேலே ஒரு சாண், அந்த அறுந்து நிற்கிற குரல், இதெல்லாம் பழகினால்தான் வரும். எத்தனை திங்கட்கிழமை பழகினாளோ, நான் கன்ட்ரோலர் அறைக்குக் கையெழுத்து வாங்கப் போகும்போதெல்லாம் பழகினாளோ. நான் திரும்பி வரும்போது மூன்று பேரும் சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவார்களே, வேலையில் இவ்வளவு கவனமா என்று ஒரு நாள் சந்தோஷம்கூடப் பட்டேனே. இப்போது நாக்கு தவறி என் எதிரிலேயே செய்துவிட்டாள். கனகாம்புஜத்துக்குள் என்னைப் போட்டுவிட்டாள், தெரியாமல் போட்டுவிட்டாள், அவளுக்கு இரண்டு பேரும் அவ்வளவு ஒன்றாகிவிட்டோம். அவளை விடு, சிறுக்கி, அவள் எனக்கு யார்? குணசீலன் யார்? ஆனால் பிலோமினா. பையன் செத்ததையும் சொல்லியிருப்பாளா? அதையும் சொல்லி, அதற்கும் சிரித்தார்களா? இல்லை, அதைச் சொன்னால் சிரிப்பு வராது. அப்படியானால் அதை வெட்டி எடுத்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள். நீலச் சட்டையை எடுத்துவிட்டு, பஸ்ஸை எடுத்துவிட்டு, மடியில் வைத்த கையை எடுத்துவிட்டு, வெறும் கண்ணாடியையும் துடைக்கிற ஒருத்தியையும் மட்டும் கொடுத்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றவா வெட்டினாள், சிரிப்பு நன்றாக வரட்டும் என்றா?  இவளோடுதான் ஒரே படிக்கட்டை வைத்துக்கொண்டு சாகிற வரைக்கும் இருக்கப் போகிறேன். இருமினால் கேட்கும், வழுக்கி விழுந்தால் கேட்கும், அழுதால் கேட்கும், கேட்டதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூன்று வருஷம் இருந்தவளுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கத் தெரியாதா? "அது அதுல வராது" என்றேன். "என்ன மேடம்?" என்றாள் சிந்துஜா, கண்ணாடி இன்னும் அவள் கையில். "கனகாம்புஜம் கண்ணாடி போடறதில்ல. மொத எபிசோட்லேர்ந்து நேத்து வரைக்கும் ஒரு நாள் கூடப் போட்டதில்ல. நேத்து அந்தக் கெழவர் வந்தப்ப ரசீதுன்னு கைய நீட்டினா. நீட்டின கைய மடக்கல. அவரு அதுல பஸ் டிக்கெட்ட வெச்சாரு. அவ்வளவுதான். நீ சொன்ன வசனம் அதுல கெடையாது. அவ ஊரும் தஞ்சாவூர் இல்ல, மன்னார்குடி." சொல்லி முடித்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. மன்னார்குடியை ஏன் சொன்னேனோ. வாயைத் திறந்தவுடன் ஒரு மாதமாக அடக்கிவைத்ததும் சேர்ந்து வந்துவிட்டது. காத்துக்கொண்டிருந்தேன். டிவியே பார்க்காத அரசி மேடம் வசனம் வசனமாக ஒப்பிக்கிறாள், எந்த மனுஷனாக இருந்தாலும் ஒன்றுதான் கேட்பான், நீங்க பாக்கறீங்களா மேடம் என்று கேட்பான், கைகொட்டிச் சிரிப்பான், எத்தன நாளா மேடம் என்று கிண்டல் செய்வான். செய்யட்டும் என்றுகூட இருந்தது. கேட்டிருந்தால் ஒருவேளை நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஆகியிருக்கும், சிந்துஜா ஏதோ சொந்தமாகச் சேர்த்துக்கொண்டாள் என்று ஆகியிருக்கும், நானும் சிரித்திருப்பேன், லட்டுக் காட்சியைப் பற்றிக் குணசீலனோடு சண்டைகூடப் போட்டிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. சிந்துஜா உட்கார்ந்தாள். கண்ணாடியைக் குணசீலனிடம் நீட்டினாள், அவன் வாங்கி, துடைக்காமல், அப்படியே மாட்டிக்கொண்டான். அவள் காது சிவந்திருந்தது. "சாரி மேடம்" என்று வாய்க்குள் சொன்னாள். எதற்குச் சாரி என்று யாரும் அவளைக் கேட்கவில்லை, ஏனென்றால் எதற்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்று பேரும் ரொம்ப ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

வராந்தா கோடியில் கை கழுவுகிற குழாய். நான் முதலில் எழுந்து போனேன், டப்பாவைக் கழுவினேன், கோவைக்காய் பாதிக்கு மேல் மிச்சம், அதைக் குப்பையில் தட்டினேன். பிலோமினா பின்னாலேயே வந்தாள், செருப்புச் சத்தத்திலேயே தெரியும். பக்கத்துக் குழாயைத் திறந்தாள். "அரசி" என்றாள். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அந்தப் பையன் விஷயத்த நான் சொல்லல. மாதா மேல சத்தியமா சொல்லல. கண்ணாடிய மட்டுந்தான் சொன்னேன். நீ லீவுல இருந்தப்ப, பேச்சுவாக்குல. சும்மா சிரிக்கறதுக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், நல்ல காரியம் செய்தவள் மாதிரி பார்த்தாள். "எத்தன நாளாப் பண்றா?" என்றேன். "யாரு?" "சிந்துஜா. என்னைய." குழாயை மூடினாள், திறந்தாள். "கொஞ்ச நாளாத்தான்" என்றாள். "தப்பா ஒண்ணும் பண்ண மாட்டா அரசி. பாசமாத்தான் பண்ணுவா." "நீயும் சிரிச்சியா?" தன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சிரித்ததைத்தான் பார்த்தேனே, கண்ணாடி வருகிற வரைக்கும் குலுங்கியதைப் பார்த்தேனே, என்ன கேள்வி இது. அப்போதுதான் எனக்கு அது வாயில் வந்தது, யோசித்து வரவில்லை, "சாயங்காலம் நான் வரல. வீடு வேணாம். நீ வேற யாரையாவது பாத்துக்க" என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சுவாள் என்று பார்த்தேன். கையைப் பிடித்துக்கொள்வாள், அழுவாள், முப்பத்திரண்டு வருஷம்டி என்பாள் என்று பார்த்தேன். அவள் தோள் இரண்டும் இறங்கின. நெற்றியில் இருந்த சுருக்கம் பிரிந்தது. எத்தனையோ மாதமாகத் தூக்கிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தவளின் முகம் அது, ஒரு நொடிதான், அந்த ஒரு நொடியை அவளால் ஒளிக்கமுடியவில்லை. "சரி, ஒன் இஷ்டம் அரசி" என்றாள், வருத்தமாகத்தான் சொன்னாள், வருத்தத்தை நன்றாகவே சொன்னாள், ஆனால் முகம் முந்திக்கொண்டுவிட்டது. அப்படியானால் அவள் வீடு வேண்டாம் என்றுதான் இருந்திருக்கிறாள். யோசித்தாளே அன்றைக்கு, அப்போதே வேண்டாம் என்றுதான் இருந்திருக்கிறாள், சொல்லப் பயந்து சரி என்றிருக்கிறாள், என்னிடம் இல்லை என்று சொல்ல இவளுக்கு ஒரு வழி தெரியவில்லை, நானே சொல்கிற நாளுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுப்பாள். மகனுக்கு போன் போட்டு, தப்பிச்சேன்டா என்பாள். நான் தை மாதம் எங்கே போவேன், எந்தப் பெண்கள் விடுதியில் எந்தக் கட்டிலில் போய்ப் படுப்பேன், அது எனக்குத் தெரியாது, அந்தப் பயம் இருந்தது, ஆனால் அடுத்ததைப் பயத்துக்காக மட்டும் சொன்னேன் என்றால் பொய். அந்த நிம்மதியை இவளுக்கு ஒரு ராத்திரிகூட விட்டுவைக்க எனக்கு மனசில்லை. "இல்ல, வரேன்" என்றேன். "அஞ்சு மணிக்குக் கீழ நில்லு. லேட் பண்ணாத." பிலோமினா கழுவிக் கவிழ்த்துவைத்திருந்த டப்பாவை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.